உயிர்ச்சுவரும் அளவுகோலும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் பாடும் மீன்களிடமே மயங்கி நின்றுவிடுகின்றனர். நிலாக்காலத்து இரவில் கல்லடிப் பாலத்தடியில் எழுவதாகச் சொல்லப்படும் அவ்வின்னொலி மயங்கத் தக்கதே. ஆயினும் இவ்வாவியின் வாழ்வைத் தீர்மானிப்பது அவ்விசை அன்று. பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தில், கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணல் மேடே அதனைத் தீர்மானிக்கிறது. தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் அத்தகைய வாயில் ஒன்று உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு உவர்ப்பதும் தெளிவதும், இறாற் குஞ்சுகள் உள்ளே வருவதும் வராதொழிவதும், படுவான்கரை வயல்கள் மூழ்குவதும் தப்புவதும் அவ்வாயில்கள் திறந்துள்ளனவா, அடைபட்டுள்ளனவா என்பதைப் பொறுத்தனவாகும்.

அம்மணல் மேட்டை ஒரு சுவர் என்று கொள்வோம். அது நல்ல சுவரா என்று மீன்பிடித்து வாழ்வோரைக் கேட்டால் ஒரு விடை வரும். வேளாண்மை செய்வோரைக் கேட்டால் வேறு விடை வரும். உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் வான்பாயும் மார்கழி மாதத்தில், ஆற்றுவாய் வெட்டப்படாவிடின் தாழ்நிலத்துப் பயிர் அழுகும். மழை ஓய்ந்த பின்னரும் அது திறந்தே கிடப்பின் உவர்நீர் உட்புகும். ஆகவே இவ்வாவிக்கரை மக்களுக்கு ஓர் உண்மை எழுத்தறிவுக்கு முன்னரே தெரியும். நல்ல சுவர் என்பது எதனையும் விடாத சுவர் அன்று. எதனை, எக்காலத்தில், எவ்வளவு விடவேண்டுமோ அவ்வளவே விடுகின்ற சுவரே நல்ல சுவர்.

இவ்வுண்மையை மனித உடலின் உள்ளே எடுத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அறிவியல் எழுத்துக்கு இலக்கிய ஏட்டில் இடமேது என்று கேட்பார் இருக்கலாம். நம்முடைய பிள்ளைகளின் உயிரைத் தொடும் ஒரு பொருள், தமிழில் தெளிவாகச் சொல்லப்படாத நிலையில் இருக்குமாயின், அதனைச் சொல்ல முயல்வதும் இலக்கியக்காரரின் கடமையுள் ஒன்று என்பது என் துணிபு.

நம்முடலில் சுவர்கள் பல. தோல் ஒரு சுவர். குடலின் உட்புறம் ஒரு சுவர். நுரையீரலில் காற்றும் குருதியும் சந்திக்கும் இடம் ஒரு சுவர். மூளைக்குட் செல்லும் குருதிக்குழாய்களின் உட்புறம் எல்லாவற்றினும் கண்டிப்பான சுவர். இவை கல்லாலோ சுண்ணாம்பாலோ ஆனவை அல்ல. உயிருள்ள கலங்கள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே வரிசையாக நிற்பதால் ஆனவை. குருதிக்கலனின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் இத்தகைய கலவரிசையை அகவணி என்று நம் பாடநூல்கள் வழங்கும். அகவணிக் கலங்கள் தம்முள் இறுகப் பொருந்தியிருக்கும் மூட்டுகளின் வழியே நீரும் உப்பும் சிறிது சிறிதாகக் கசியும். புரதம் போன்ற பெரும் பொருள்கள் எளிதிற் கசியா. இம்முறை கெடாதிருக்கும் வரையில் அச்சுவர் ஒன்று இருப்பதையே நாம் உணர்வதில்லை.

அது கெடும்போது என்ன நிகழும் என்பதை டெங்கு நமக்குக் காட்டியிருக்கிறது. டெங்குக் காய்ச்சலில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் காய்ச்சலின் வெப்பம் அன்று. நோய் கடுமையாகும் சிலரிடத்து, குருதிக்கலன்களின் சுவர் தளர்ந்து, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து, நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குகிறது. குழாய்களுள் எஞ்சிய குருதி தடிக்கிறது. அதன் அளவு குறைகிறது. ஈற்றில் நாடி தளர்கிறது. இக்கசிவு ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் நிகழ்ந்து பின் தானே நின்றுவிடும். அந்த ஓரிரு நாளைக் கடப்பித்துவிட்டால் நோயாளர் பிழைப்பர்.

இதில் மக்களை ஏமாற்றும் கொடுமை ஒன்று உண்டு. கசிவு பெரும்பாலும் தொடங்குவது காய்ச்சல் தணியும் வேளையிலாகும். என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் இந்நோயுற்று வைத்தியசாலையில் இருந்தாள். பார்க்கச் சென்ற என்னிடம் அவளுடைய தாய், முகமெல்லாம் மலர, “காய்ச்சல் விட்டுட்டு சேர், இனி வீட்ட கூட்டிப் போகலாந்தானே?” என்று கேட்டார். அவ்வேளையில் அங்கு வந்த தாதி, பிள்ளையின் விரல் நுனியில் மீண்டும் ஒரு துளி குருதி எடுத்துக்கொண்டு, “இனித்தானம்மா கவனமாப் பார்க்க வேணும்” என்றார். சில மணிக்கு ஒரு முறை அவ்வாறு எடுத்த துளிகளின் கணக்கே அப்பிள்ளையைக் காப்பாற்றியது. அவள் இன்று நலமாயிருக்கிறாள்.

அத்தாதி அளந்தது யாது? குருதியில் செங்கலங்கள் எத்தனை பங்கு என்பதையே அவர் அளந்தார். விடுதிகளில் அதனைப் பீ.சீ.வீ. என்பர். நீர் வெளியே கசியக் கசிய, எஞ்சிய குருதியில் செங்கலங்களின் பங்கு கூடும். தொடக்க அளவிலிருந்து நூற்றுக்கு 20 பங்கு உயருமாயின் சுவர் கசிகிறது என்பதற்கு அது வலிய சான்றாகக் கொள்ளப்படும். கண்ணாற் காணமுடியாத சுவர் ஒன்றின் நிலையை, அதனைத் தொடாமலே, அச்சுவருக்குள் எஞ்சியதைக் கொண்டு கணித்தறியும் முறை இது. முகத்துவாரத்தைப் போய்ப் பாராமலே, வாவியின் நீர்மட்டம் குறைவதைக் கொண்டு ஆற்றுவாய் திறந்துவிட்டது என்று கரையிலிருப்பவர் அறிவதைப் போன்றது.

இவ்வளவீட்டின் பயன் சிறிதன்று. இலங்கையில் 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ 35,000 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அவர்களுள் இறந்தோர் 346 பேர். அஃதாவது நூற்றுக்கு ஒருவர். கிண்ணியா பட்ட பாட்டைக் கிழக்கிலங்கை மறக்கமுடியாத 2017ஆம் ஆண்டில், நாடு முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இறந்தோர் ஏறத்தாழ 440 பேர். அஃதாவது ஆயிரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர். இவ்விடைக்காலத்தில் டெங்கு வைரசைக் கொல்லும் மருந்து எதுவும் வந்துவிடவில்லை. கசிவு தொடங்கும் வேளையைக் கண்டறிந்து, கொடுக்கும் நீரைத் துளித்துளியாகக் கணக்கிட்டதே இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் எனலாம். அளத்தலும் ஒரு மருந்தே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆயினும் தாதியின் அளவுகோல் கசிவு தொடங்கிய பின்னரே பேசும். சுவர் ஏன் தளர்ந்தது, எதனால் அதனை இறுக்கலாம் என்பதை அது சொல்லாது. அதனை அறிய வேண்டின் சுவரையே தனியே எடுத்து அளக்க வேண்டும். உயிருள்ள மனிதரின் குருதிக்கலனைப் பிரித்தெடுத்துச் சோதித்தல் இயலாத காரியம். இங்கேதான் ஆய்வுகூடத்தின் கதை தொடங்குகிறது.

அக்கதையின் முற்பகுதியில் வருவது ஒரு தவளை. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஹான்ஸ் உசிங் என்பார் தவளையின் தோலை இரண்டு உப்புநீர்க் கலங்களுக்கு இடையே திரைபோல விரித்து, அதனூடு உப்பு எவ்வாறு செல்கிறது என்பதை மின்சாரத்தால் அளந்தார். சேராண் என்பாருடன் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1951இல் வெளிவந்தது. உப்புநீரில் மின்னோட்டத்தைச் சுமப்பவை உப்பின் அயன்களே. அயன்கள் கடக்க இயலாத சுவர் மின்சாரத்துக்கும் தடையாகும். அயன்கள் எளிதிற் கடக்கும் சுவரில் மின்தடை குறையும். எனவே ஒரு சுவரின் மின்தடையை அளப்பது அதன் காவலை அளப்பதாகிறது. ஓமின் விதியைக் கற்ற எந்த மாணவரும் இதன் அடிப்படையை விளங்கிக்கொள்ளலாம். வாவி நீரின் உவர்த்தன்மையை அதன் மின்கடத்துதிறனால் அறியும் முறையும் இதே கொள்கையின் மறுபக்கமாகும்.

இன்றைய ஆய்வுகூடங்களில் தவளைத் தோலின் இடத்தை மனித கலங்கள் பெற்றுள்ளன. நுண்டுளைகள் நிறைந்த மெல்லிய சவ்வின்மீது கலங்களை வளர்த்து, மேலும் கீழும் உப்புநீர் வைத்து, இருபுறமும் மின்வாய்களை அமிழ்த்தி, மிகச் சிறிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்தித் தடையை அளக்கின்றனர். கலங்களில்லா வெற்றுச் சவ்வின் தடையைக் கழித்து, எஞ்சியதைச் சுவரின் பரப்பால் பெருக்கினால் விடை கிடைக்கும். கசிவுமிக்க சுவருக்கு இவ்விடை சில ஓம் சதுர சென்ரிமீற்றராகவே இருக்கும். இறுகிய சுவருக்கு ஆயிரக்கணக்கில் எழும். 1982இல் குரோனும் ஒலேசனும் தவளையின் மூளைமேற் பரந்த நுண்குருதிக்கலன்களில் நேரடியாக அளந்தபோது ஏறத்தாழ 1,870 என்னும் விடையைப் பெற்றனர்.

இம்முறை டெங்கு ஆய்வுக்கும் வந்தது. நம் நாட்டவராலும் கையாளப்பட்டது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை நீலிகா மலவிகேயும் அவருடன் உழைத்த குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், டெங்கு நோயாளரின் குருதிச் சாரத்தை வளர்ப்பு அகவணிக் கலங்கள்மீது இட்டபோது அச்சுவரின் மின்தடை குறைந்ததைக் காட்டினர். குருதித்தட்டுக்களைத் தூண்டும் காரணி எனப்படும் ஒரு பொருளின் செயலைத் தடுத்தபோது அக்குறைவு பெரும்பாலான மாதிரிகளிற் குன்றியது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் உழைத்த ஆய்வாளர்கள், வைரஸ் வெளியிடும் ஒரு புரதமே அகவணிச் சுவரைத் தளர்த்த வல்லது என்று எடுத்துரைத்தனர்.

நம் ஆய்வாளர்கள் அத்துடன் அமையவில்லை. அக்காரணியைத் தடுக்கும் ஆற்றல் ரூபற்றடீன் என்னும் ஒவ்வாமை மருந்துக்கு உண்டு. அம்மருந்து சுண்டெலிகளிலும் நற்பயன் காட்டியது. ஆகவே இலங்கையில் 183 வயதுவந்த நோயாளரிடத்து அதனை முறைப்படி சோதித்து, முடிவை 2018இல் வெளியிட்டனர். மருந்து தீங்கற்றது என்று தெரிந்தது. ஆயினும் நீர்க்கசிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவேண்டும் என்று முன்கூட்டி வகுத்துக்கொண்ட முதன்மை எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. சில நாள்களில் சில சிறு நன்மைகள் தென்பட்டன, அவ்வளவே. தம் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதை மறையாது எழுதிய அந்நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அறிவியலின் அறம் அதுவே.

கிண்ணத்தில் இறுகிய சுவர் மனிதரிடத்து ஏன் அவ்வாறு இறுகவில்லை? ஒரு மருந்து எதிர்பார்த்தவாறு பயன்படாமைக்குக் காரணங்கள் பல இருக்கும். நோயாளர் வந்து சேரும் நாள், மருந்தின் அளவு, நோயின் வேறு வழிகள் என அவை விரியும். ஆயினும் ஒரு காரணத்தை எவரும் மறுக்கமுடியாது. கிண்ணத்திலுள்ள சுவர் அசையாத நீரில் நிற்கிறது. நம்முடலின் குருதிக்கலனோ ஓடும் ஆற்றின் கரை. குருதி ஓடும் உராய்வினாலேயே அகவணிக் கலங்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு அமைகின்றன. தம் இயல்பைப் பெறுகின்றன. தேங்கிய நீரில் வளர்த்த மீனைக் கொண்டு கடல்மீனின் குணத்தைச் சொல்வது எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவே அக்கிண்ணத்தின் சாட்சியமும் பொருந்தும்.

இக்குறையை நீக்கப் பிறந்ததே உறுப்புத் தகடு என்னும் புதுமுறை. இதனை ‘உறுப்புச் சில்லு’ என்று தமிழகத்தார் சிலர் வழங்குவர். சில்லு என்றால் நமக்கு வண்டிச் சில்லே நினைவுக்கு வரும். ஆதலின் தகடு என்ற சொல்லையே நான் இங்கு ஆள்கிறேன். விரலளவான, ஒளி புகும் மென்மையான சிலிக்கன் இறப்பர்த் துண்டொன்றில் தலைமயிரின் பருமன் முதல் சில மயிர்களின் பருமன் வரையான வாய்க்கால்கள் இரண்டு மேலும் கீழுமாக ஓடும். இடையில் நுண்டுளைச் சவ்வு. சவ்வின் ஒருபுறம் குருதிக்கலனின் அகவணிக் கலங்கள். மறுபுறம் நுரையீரலின் அல்லது குடலின் கலங்கள். ஒரு வாய்க்காலில் குருதியை ஒத்த திரவம் இடைவிடாது ஓடும். 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டொங்கியுன் ஹூ, டொனால்ட் இங்பெர் ஆகியோர் ஆக்கிய நுரையீரற் தகடு, மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கவும் செய்தது.

இத்தகடுகள் வெறும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 27 மருந்துகளை 870 ஈரற் தகடுகளில் இட்டுச் சோதித்தனர். ஈரலுக்கு நஞ்சாகும் மருந்துகளுள் நூற்றுக்கு 87 பங்கை அவை இனங்காட்டின. தீங்கற்ற மருந்து எதனையும் நஞ்சென்று பழிக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கா தன் மருந்துச் சட்டத்தைத் திருத்தி, மனிதரிடத்துச் சோதிக்குமுன் விலங்குகளிற் சோதித்தே ஆகவேண்டும் என்னும் நிபந்தனையைத் தளர்த்தியது. தகடுகளுக்கும் அவ்விடத்திற் கதவு திறந்தது.

புதுமை பாடுவோர் இத்துடன் நிறுத்திவிடுவர். நான் வற்புறுத்த விரும்புவது இதற்கு மேல் உள்ளது. தகடு நன்று, ஆனால் தகட்டிலுள்ள சுவரை அளப்பது எளிதன்று. அவ்வருமையை அறியாமல் அதன் எண்களை நம்புவது, அளவாமல் இருப்பதினும் தீதாய் முடியலாம்.

முதலாவது இடர் வாய்க்காலின் வடிவத்தால் வருவது. அகன்ற கிண்ணத்தில் மின்னோட்டம் சுவர் முழுவதும் ஓரளவு சீராகப் பரவும். நீண்டொடுங்கிய வாய்க்காலிலோ, அதில் நிறைந்த திரவமே பெருந்தடையாகிறது. வாய்க்காலின் முனைகளில் வைத்த மின்வாய்களிலிருந்து செல்லும் ஓட்டம் சுவரின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவாகப் பாய்வதில்லை. அங்ஙனமாக, பெற்ற தடையைச் சுவரின் முழுப் பரப்பாலும் பெருக்கினால் விடை உண்மையை விட மிகுந்து நிற்கும். நெதர்லாந்தின் துவென்ரே பல்கலைக்கழகத்து மத்தியூ ஒடைக் முதலியோர் 2015இல் இதனைக் கணக்கினால் விளக்கினர். கிண்ணத்திலும் தகட்டிலும் வெவ்வேறு எண்கள் வந்தமைக்குக் கலங்களின் சிறப்பைத் தேடுமுன் வாய்க்காலின் வடிவத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் தந்த பாடம்.

இரண்டாவது இடர் சிறு துவாரத்தால் வருவது. சுவரில் நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லாத இடத்தில் கலங்கள் பெயர்ந்திருந்தாலும், மின்னோட்டம் அவ்விடைவெளியைத் தேடிப் பாயும். தடையின் பெரும்பகுதி வீழ்ந்துவிடும். அளப்பவர் சுவர் முழுவதும் தளர்ந்தது என்று எழுதிவிடுவார். உண்மையிலோ சுவர் உறுதியாகவே இருக்கும்; ஓரத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருக்கும். முகத்துவாரத்தை நன்கறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. கடற்கரை நெடுக மணல் உயர்ந்து கிடந்தாலும், ஓரிடத்தில் சில மீற்றர் அகலத்துக்கு வாய் வெட்டினால் வாவி முழுவதும் இறங்கிவிடுகிறதன்றோ? நீர்மட்டத்தை மட்டும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, மணற்றிட்டு முழுவதும் கரைந்தது போலவே தோன்றும்.

மூன்றாவது இடர் ஆழமானது. மின்தடை என்பது உப்பயன்கள் கடப்பதை மட்டும் சொல்லும். டெங்கு நோயாளரைக் கொல்வதோ புரதமும் நீரும் ஒருங்கே கசிவது. சிறியதைத் தடுக்காத சுவர் பெரியதைத் தடுக்கவும் கூடும். ஆகவே ஒளிரும் சாயம் பூட்டிய பெரிய மூலக்கூறுகளை ஒரு வாய்க்காலில் இட்டு, மறு வாய்க்காலில் அவை எவ்வளவு வந்து சேருகின்றன என்றும் அளக்கின்றனர். இரு அளவைகளும் சிலவேளை ஒன்றையே சொல்லும், சிலவேளை மாறுபடும். மாறுபடும்போது ஒன்று பொய் என்று கொள்ளலாகாது. அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். வாவியின் உவர்மானமும் நீர்மட்டமும் இறாற் குஞ்சின் வரவும் ஒரே வாயிலைப் பற்றியனவே. ஆயினும் அவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றதைச் சொல்ல இயலாது. இவற்றோடு வெப்பநிலை மாறினாலும் தடை மாறும்; தகடு செய்த இறப்பர் சில மருந்துகளைத் தானே உறிஞ்சி, கலங்களுக்குச் சென்ற அளவைக் குறைத்தும் விடும்.

இவையெல்லாம் தகட்டின் பெருமையைக் குறைப்பன அல்ல. ஓர் எண்ணை ஏற்குமுன் அதன் பிறப்பைக் கேட்கவேண்டும் என்பதையே இவை சொல்கின்றன. எத்தனை ஓம் என்பதோடு, எந்த வாய்க்காலில், மின்வாய்கள் எங்கே, வெற்றுச் சவ்வின் தடை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எத்தனை தகடுகளில் என்பனவும் வரவேண்டும். இவை இல்லாத எண் ஊர்பேர் இல்லாத சாட்சி. அத்தகைய சாட்சியை நம்பி ஒரு மருந்தை நம் பிள்ளைகளின் படுக்கைவரை கொண்டுவரல் ஆகாது; ஒரு நல்ல மருந்தை ஒதுக்கிவிடவும் ஆகாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். செல்வநாடுகளின் ஆய்வுகூட நுட்பம் நமக்கெதற்கு? வடிகான் அடைபட்டுக் கிடக்கிறது. கிணற்றிலும் தொட்டியிலும் நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. விடுதியில் கட்டில் போதவில்லை. முதலில் அவற்றைப் பார்க்கலாகாதா? நியாயமான கேள்வி இது. நுளம்பு பெருகும் இடத்தை ஒழிப்பதே முதற்பணி என்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. எந்தத் தகடும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துவைக்காது. ஆயினும் டெங்கு வெப்ப நாடுகளின் நோய். அதன் கசிவை அளக்கும் கேள்விகளை நாம் கேளாதிருந்தால், நம்பொருட்டுக் கேட்பதற்கு வேறு எவருக்கு அவசரம் இருக்கும்? நாட்டின் ஆய்வாளர்கள் 2015இல் அக்கேள்வியைக் கேட்டதனாலேயே 2018இல் ஒரு விடை கிடைத்தது. விடை நாம் விரும்பியது அன்றாயினும் விடை விடையே.

அன்றியும், நான் வேண்டுவது நாளையே மட்டக்களப்பில் ஒரு பெரிய ஆய்வுகூடம் எழவேண்டும் என்பதன்று. எழுமாயின் மகிழ்வேன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவம் பயிலும் மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள். டெங்குக் காலத்தின் துன்பத்தை நேரிற் கண்ட மருத்துவரும் தாதியரும் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்ற குறை நமக்கில்லை. நமக்குள்ள குறை வகுப்பறையில் தொடங்குகிறது.

நம் வகுப்புகளில் அளவீடு என்பது பரீட்சைக்குரிய விடையாகச் சுருங்கிவிட்டது. தடை என்ன என்று கேட்டால் மாணவர் சூத்திரத்தில் எண்களை இட்டு விடை எழுதிவிடுவர். அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன, அளந்தவர் எதனைக் கழித்தார், இருமுறை அளந்தால் இருமுறையும் ஒன்றாக வருமா என்று கேட்கப் பழக்கவில்லை. விலையுயர்ந்த கருவி இதற்குத் தேவையன்று. ஒரு மின்கலம், ஒரு பல்மானி, இரண்டு மின்வாய்கள் போதும். முகத்துவாரத்தில் ஒரு போத்தல், கல்லடியில் ஒன்று, மண்முனைத் துறையில் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று என நீர் எடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, ஒரு பாடசாலை ஓராண்டு குறித்துவைக்கட்டும். மின்வாய்களின் இடைவெளியை மாற்றினால் விடை மாறுவதையும், வெயிலில் வைத்த போத்தல் வேறு எண் காட்டுவதையும் பிள்ளைகள் தாமே காண்பார்கள். மின்வாய் எங்கே நிற்கவேண்டும் என்று ஹார்வர்டிலும் துவென்ரேயிலும் கவலைப்படும் அறிஞரின் கவலை அப்போது அவர்களுக்கும் உரியதாகிவிடும்.

மொழி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அறிவியல் கற்றவர், கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர், வழக்கொழிந்த யாழை 1947இல் வெளிவந்த தம் யாழ் நூலில் நரம்பும் சுரமும் கணக்கிட்டு மீட்டுத் தர முயன்றவர். இசையை அளவின்றி வியப்பதோடு நில்லாமல், அளந்து வியந்தவர் அவர். அம்மண்ணின் வழிவந்த நாம், கலம், இழையம், அகவணி, அயன் என்று அழகிய சொற்களை ஆக்கிவைத்தோம். அச்சொற்களைப் பாடநூலின் பக்கத்திலேயே விட்டுவைத்தோம். “சுவர் கசியத் தொடங்கும் நேரம் இது” என்று ஒரு தாய்க்குத் தமிழிற் சொல்ல எவரும் இல்லையாயின், அச்சொற்களால் யாருக்கு என்ன பயன்? காய்ச்சல் விட்டதும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்ல எண்ணும் பெற்றோர் அறிவிலிகள் அல்லர். வெப்பம் என்ற ஓர் அளவையை அவர்கள் அறிவர். கசிவு என்ற மற்றோர் அளவையை நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இலக்கிய அன்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாடுகளுக்கும் இனங்களுக்கும் ஊர்களுக்கும் இடையே எழும் சுவர்களைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். எல்லாச் சுவரையும் இடிக்கச் சொன்னோம்; சிலர் எல்லாச் சுவரையும் உயர்த்தச் சொன்னார்கள். உயிர் நமக்குக் காட்டும் வழி இவ்விரண்டினும் நுட்பமானது. முழுதும் அடைத்த குருதிக்கலன் உறுப்பைப் பட்டினியிடும். முழுதும் திறந்த குருதிக்கலன் உடலையே வீழ்த்தும். ஒவ்வொரு கணமும் தெரிந்து விடுவதும் தெரிந்து தடுப்பதுமே உயிர்ச்சுவரின் தொழில். அத்தெரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பொறுமையாய் அளந்தறிவோர் விரலளவான தகடுகளின்முன் அமர்ந்து உழைக்கின்றனர். அவர்களுடைய எண்களை வணங்கவும் வேண்டா, இகழவும் வேண்டா. அவை எப்படி வந்தன என்று கேட்கக் கற்போம். அடுத்த மாரி வருமுன் நம் வகுப்பறைகளில் ஒரு பாடமேனும் அதற்கென ஒதுக்கப்படுமாயின், காய்ச்சல் தணிந்த ஒரு பிள்ளையின் கட்டிலருகே, இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கும் அறிவு ஒரு வீட்டுக்காவது கிட்டும்.